வேற்றுக்கோளுக்கும் திணை உண்டு

வேற்றுலகைப் படைப்பது சிறுபிள்ளை விளையாட்டு, அதில் இலக்கியத்துக்கு வேலையில்லை என்று நம் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அறிவியல் புனைகதையை ஆய்வுசெய்ய வரும் மாணவரிடம் 'வேறு தலைப்பு கிடைக்கவில்லையா?' என்று கேட்டு அனுப்பிவிடுகிறோம். நாமும் அப்படிக் கேட்டவர்தாம் என்பதை ஒப்புக்கொண்டே இதனை எழுதுகிறோம்.

உர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலைப் பாருங்கள். கெத்தென் என்னும் கோள் பனியுகத்தில் உறைந்து கிடக்கிறது. அங்கே பறக்கும் உயிர் எதுவும் இல்லை. ஆகவே, மின்வண்டி செய்யத் தெரிந்த அம்மக்களுக்கு விமானம் என்னும் எண்ணமே தோன்றவில்லை. அவர்களுக்கு நிலையான ஆண், பெண் பிரிவும் இல்லை. 26 நாள் சுழற்சியில் சில நாள் மட்டுமே பால்தன்மை விழிக்கிறது. இம்முறை ஆணானவர் மறுமுறை பெண்ணாகலாம். அரசரே கருவுறுகிறார், அங்கே அது செய்தி, வியப்பன்று. நம் பூமியிலிருந்து சென்ற தூதனோ எவரையும் ஆணா பெண்ணா என்று வகுத்தே பார்க்கிறான். தனக்காக எல்லாவற்றையும் இழந்த நண்பரை அதனாலேயே அவன் காலந்தாழ்ந்து அறிகிறான். இது விளையாட்டா?

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' (1965) காட்டும் பாலைக்கோளில் ஒருவர் முன் எச்சில் உமிழ்வது மரியாதை. உடலின் நீரையே காணிக்கையாக்குவதல்லவா அது! இறந்தவனுக்காகக் கண்ணீர் விடுபவனைக் கண்டு அம்மக்கள் மலைத்துப் போகிறார்கள்.

நிலமும் பொழுதும் முதற்பொருள்; உணவும் புள்ளும் தொழிலும் கருப்பொருள்; அவற்றோடு இயைந்து நிற்கும் ஒழுக்கம் உரிப்பொருள். இவ்வரிசையை நாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். அவர்கள் தொல்காப்பியத்திலிருந்து எடுத்தார்கள் என்று மார்தட்ட வரவில்லை, அதற்குச் சான்றில்லை. மனப்பாடமாக வைத்திருக்கும் நாம் ஏன் அதனைக் கொண்டு ஒரு கோளையும் படைக்கவில்லை என்பதே நம் வினா.

நம் அறிவியல் கதைஞர்களும் தப்ப முடியாது. பச்சைத் தோலும் இரண்டு உணர்கொம்பும் ஒட்டிவிட்டால் வேற்றுலகத்தான் ஆகிவிடுவானா? அவன் ஏன் இரு காலில் நிற்கிறான்? கெத்தென் மக்கள் பழங்காலத்தில் வேறொரு கோளிலிருந்து குடியேற்றப்பட்ட மனிதரின் வழியினர் என்று லெ குவின் விடை வைத்திருக்கிறார். 2009இல் வந்த 'அவதார்' படத்தில் பண்டோராவின் குதிரைக்கு ஆறு கால். நாவி மக்களுக்கு மட்டும் நம்மைப்போல இரு கை, இரு கால். மேற்கைகள் பாதி ஒட்டிய ஒரு மரவாழ் உயிரை நொடிப்பொழுது காட்டி இடைவெளியை நிரப்பப் பார்க்கிறார்கள். நாயகியை நாம் விரும்பவேண்டும் என்பதே உண்மைக் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் அந்த அளவு கவலையேனும் நம் கதைகளில் உண்டா?

அடுத்து வரும் மாணவரைத் திருப்பி அனுப்பாதிருப்போம். கதை எழுதுவோரிடம் ஒன்றே ஒன்று கேட்போம்: உங்கள் கோளில் ஒருவர் இறந்தால் மற்றவர் என்ன செய்வார்கள்? அதற்கு விடை அந்த மண்ணிலிருந்தே வருமானால் அது இலக்கியம்.