அழுக்கு எது?

பிறர் செயலைப் பழிக்கப் புகும் ஆங்கிலங் கற்றோர் ‘சோர்டிட்’ என்னும் சொல்லை எளிதாக எடுத்து வீசுகின்றனர். இழிந்தது, கீழ்த்தரமானது என்று அதற்குப் பொருள் கூறலாம். ஆயின் கொலையைக் கொடிது என்கிறோம். துரோகத்தைத் தீது என்கிறோம். அற்ப ஆதாயத்துக்காக மானத்தை விற்கும் சிறுமைக்கே இச்சொல் முற்றும் பொருந்தும்.

1994ஆம் ஆண்டில், வணிகர் வேடத்தில் சென்ற பத்திரிகையாளர் ஒருவர், பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்க 1,000 பவுண் தருவதாகக் கூறினார். உறுப்பினர் இருவர் இணங்கினர். மறு ஆண்டு அவ்விருவரும் சபையிலிருந்து சில நாட்களுக்கு இடைநிறுத்தப்பட்டனர். மக்கள் அளித்த உரிமையைக் கடைச்சரக்காக்கிய அச்செயலைச் சோர்டிட் என்பதில் தவறில்லை.

ஆனால் இச்சொல்லின் பிறப்பிலே ஓர் அநீதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலத்தீன் மொழியில் அதன் வேர்ப்பொருள் அழுக்கு. பண்டை உரோமாபுரியில் குற்றஞ் சாட்டப்பட்டோர், இரக்கம் பெறவேண்டி அழுக்குடை தரித்து மன்றுக்கு வருவர். அக்கோலத்துக்கும் இதுவே பெயர். வழக்கறிஞரான சிசரோ, கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில், சுங்கம் அறவிடுவோர், வட்டிக்காரர் ஆகியோரின் வருவாயைப் பழித்தார். அது நியாயமே. ஆனால் கூலிக்கு உழைப்பவன் பிழைப்பையும் இச்சொல்லால் இழித்தார்! அந்நூலிலேயே கமத்தொழிலினும் சிறந்தது இல்லை என்று புகழ்ந்தவரும் அவரே. நிலமுடையோனுக்குப் புகழ், கூலியாளுக்கு இழிவு: இதுவோ நீதி?

அந்த நஞ்சு ஆங்கிலத்தில் இன்றும் வற்றவில்லை. ஏழையின் குடிசைக்கும் இலஞ்சம் வாங்கியவன் நெஞ்சுக்கும் ஒரே அடைமொழி வழங்குகிறது. வறுமை குற்றமன்று. வயலிலே சேறுபட்ட கை எவ்வாற்றானும் இழிந்த கையன்று.

தமிழும் அழுக்கை மனத்துக்கு ஏற்றிச் சொல்லியதுண்டு. பொறாமையை அழுக்காறு என்றார் வள்ளுவர். ஆயினும் மனத்தில் மாசின்மையே அறம் என்று அவர் வரையறுத்தபோது, உடையையும் தொழிலையும் நோக்கினாரல்லர்.

நியாயவாதிகளே, ஆசிரியர்களே, எழுத்தாளர்களே! ஒருவர்மீது இச்சொல்லை எறியுமுன், அழுக்கு அவர் உடையிலா உள்ளத்திலா என்று ஆராயுங்கள். உடையில் எனின், சொல்லை மீட்டுக்கொள்ளுங்கள். உள்ளத்தில் எனின், அவர் எத்துணை வெள்ளையாக உடுத்து நின்றாலும் தயங்காது கூறுங்கள்.