உழைப்பு ஒன்றுதான், உயர்வு மட்டும் ஏன் வேறு?



"அவனும் வெறுங்கையோடுதானே வந்தான்! அவன் முன்னேறிவிட்டான். நீ ஏன் இன்னும் அங்கேயே நிற்கிறாய்?"

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தேநீர்க் கடையில் கேட்டிருப்பீர்கள். கல்லூரி விடுதியில் கேட்டிருப்பீர்கள். கடைத்தெருவில் சிரித்துக்கொண்டே சிலர் கேட்டிருப்பார்கள். ஒரு சமுதாயத்தைக் காட்டி இன்னொரு சமுதாயத்தைத் தலைகுனிய வைப்பதற்கென்றே உருவான கேள்வி இது.

அமெரிக்காவில் இதே கேள்வி மெக்சிகோ மக்களை நோக்கிப் பல்லாண்டுகளாக வீசப்படுகிறது. அங்கே முன்மாதிரியாகக் காட்டப்படுபவர்கள் வியட்நாமிலிருந்து வந்த அகதிகள். எங்கோ இருக்கும் இரு சமுதாயங்களின் கணக்கு நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு சமுதாயம் எப்படி எழுகிறது, எப்படி அமுக்கப்படுகிறது என்பதற்கு இதில் தெளிவான விடை இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம்

2019ஆம் ஆண்டு நிலவரப்படி, வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்களின் குடும்ப வருமானம், நடுத்தரக் குடும்பத்தை அளவாகக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 70 ஆயிரம் டாலர். மெக்சிகோவில் பிறந்தவர்களின் குடும்ப வருமானம் ஏறத்தாழ 50 ஆயிரம் டாலர். வியட்நாமியரில் நான்கில் ஒருவருக்கு மேல் பட்டதாரி. மெக்சிகோவினரில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. வியட்நாமியரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டார்கள். மெக்சிகோவினரில் மூன்றில் ஒருவர்தான் பெற்றிருக்கிறார்.

முதல் இரண்டு கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, "வியட்நாமியர் உழைப்பாளிகள், மெக்சிகோவினர் சோம்பேறிகள்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கலிபோர்னியாவின் கொளுத்தும் வெயிலில் குனிந்த முதுகோடு ஸ்ட்ராபெர்ரி பறிப்பது யார்? டெக்சாஸில் கூரை வேய்வது யார்? இறைச்சிக் கூடங்களில் கத்தியோடு நிற்பது யார்? பெரும்பாலும் மெக்சிகோ மக்களும் அவர்களின் அண்டை நாட்டவரும்தான். சோம்பேறிகளா இந்த வேலையைச் செய்வார்கள்?

உழைப்பில் குறைவில்லை. அப்படியென்றால் வேறுபாடு எங்கே? அந்த மூன்றாவது கணக்கில் இருக்கிறது. இரு சமுதாயங்களும் ஒரே நாட்டுக்குள் வந்தன. ஆனால் ஒரே வாசல் வழியாக வரவில்லை!

வரவேற்ற வாசல்

1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் நகரம் வீழ்ந்தது. பல ஆண்டுகள் குண்டு மழை பொழிந்து வியட்நாமைச் சுடுகாடாக்கிய அமெரிக்க வல்லரசு, தோற்று வெளியேறியது. தன்னை நம்பியிருந்தவர்களில் ஒரு பகுதியினரைக் கையோடு அழைத்துச் சென்றது. அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 1 இலட்சத்து 25 ஆயிரம் பேர் போய்ச் சேர்ந்தார்கள். கலிபோர்னியா, ஆர்கன்சாஸ், புளோரிடா, பென்சில்வேனியா ஆகிய மாநிலங்களில் ராணுவத் தளங்களே முகாம்களாக மாறின. அடுத்த மாதமே அவர்களுக்கு உதவித்தொகை வழங்கத் தனிச் சட்டம் வந்தது. தேவாலயங்களும் தொண்டு நிறுவனங்களும் குடும்பம் குடும்பமாகப் பொறுப்பேற்றன. 1977இல் அவர்கள் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெறச் சட்டம் வழி செய்தது. 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம், தொடக்கத்தில் 36 மாதங்கள் வரை பண உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் இடம் தந்தது.

இதெல்லாம் இரக்கத்தால் மட்டும் நடந்ததா? இல்லை. கம்யூனிசத்திலிருந்து தப்பி வந்தவர்களை அரவணைப்பது அன்றைய பனிப்போர் அரசியலுக்குத் தேவையாக இருந்தது. முதலில் வந்தவர்களில் அதிகாரிகள், ராணுவத்தினர், ஆங்கிலம் அறிந்தவர்கள் கணிசமாக இருந்தார்கள் என்பதும் உண்மை. பின்னர் படகுகளில் உயிரைப் பணயம் வைத்து வந்தவர்களிலோ மீனவர்களும் விவசாயிகளும் ஏராளம்.

அவர்கள் பட்ட துன்பத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1990 கணக்கெடுப்பில்கூட வியட்நாமியரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தார். டெக்சாஸ் கடற்கரையில் இறால் பிடித்த வியட்நாமிய மீனவர்களை 'கு கிளக்ஸ் கிளான்' என்ற வெள்ளை வெறிக் கும்பல் ஆயுதத்தோடு மிரட்டியது. மீனவர்கள் என்ன செய்தார்கள்? சங்கமாகத் திரண்டு நீதிமன்றம் போனார்கள். 1981இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தக் கும்பலுக்குத் தடை விதித்தது.

இங்கே ஒரு நிமிடம் நின்று சிந்தியுங்கள். நீதிமன்றப் படியேறினால் நாடு கடத்திவிடுவார்களோ என்ற அச்சம் அந்த மீனவர்களுக்கு இல்லை. அவர்கள் கையில் ஆவணம் இருந்தது!

பூட்டிய வாசல்

மெக்சிகோ மக்களின் கதை வேறு. இன்றைய கலிபோர்னியாவும் அதைச் சுற்றியுள்ள பெரும் நிலப்பரப்பும் ஒரு காலத்தில் மெக்சிகோவுக்குச் சொந்தம். போரில் வென்று, 1848 உடன்படிக்கையின் மூலம் அமெரிக்கா அவற்றை எடுத்துக்கொண்டது.

பின்னர் 1930களில் பொருளாதார நெருக்கடி வந்ததும், பல இலட்சம் மெக்சிகோவினர் வெளியேற்றப்பட்டார்கள். அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்களும் அதில் அடக்கம். உலகப் போரில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதும் 1942இல் 'பிராசெரோ' என்ற ஒப்பந்தத் தொழிலாளர் திட்டம் தொடங்கியது. 1964 வரை ஏறத்தாழ 46 இலட்சம் ஒப்பந்தங்கள் போடப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்தைச் சேமிப்பு என்று பிடித்தார்கள். அந்தப் பணம் பலருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1954இல் பெரும் வேட்டை நடத்தி மெக்சிகோவினரைக் கூட்டம் கூட்டமாக நாடு கடத்தினார்கள். கை வேண்டும், ஆள் வேண்டாம் என்பதுதான் கொள்கை!

1964இல் திட்டம் நின்றது. 1976இல் வந்த சட்டமோ, தொலைதூரத்துச் சிறு நாட்டுக்கும் அண்டை நாடான மெக்சிகோவுக்கும் ஒரே அளவாக, ஆண்டுக்கு 20 ஆயிரம் விசா என்று வரம்பு கட்டியது. பண்ணை முதலாளிகளின் தேவை குறைந்ததா? இல்லை. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்தார்கள். 1994இல் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. மானியம் பெற்ற அமெரிக்க மக்காச்சோளம் மெக்சிகோ சந்தையில் குவிந்து, சிறு விவசாயிகளின் பிழைப்பில் மண் விழுந்தது. அதே 1994இல், ஆவணம் இல்லாதவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியும் மருத்துவமும் மறுக்கும் தீர்மானத்துக்குக் கலிபோர்னியா வாக்காளர்கள் ஆதரவளித்தார்கள். நீதிமன்றம்தான் அதைத் தடுத்தது.

2022இல் அமெரிக்காவில் ஆவணமின்றி வாழ்ந்த மெக்சிகோவினர் ஏறத்தாழ 40 இலட்சம் பேர். 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடியேற்றத் துறை சோதனை நடத்தியபோது, தினக்கூலிகள் காத்துநிற்கும் இடங்கள்கூடத் தப்பவில்லை. வேலைக்குப் போகவே பலர் அஞ்சினார்கள். வேலைக்குப் போகவே அஞ்சுபவன் எப்படிக் கடை வைப்பான்?

வியாபாரிக்குத் தெரியும்

வணிகச் சகோதரர்களே! இதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு கடை திறக்க என்னென்ன வேண்டும்? வாடகை ஒப்பந்தம் வேண்டும். லைசென்ஸ் வேண்டும். வங்கிக் கணக்கு வேண்டும். கடனுக்குச் சரக்குத் தரும் மொத்த வியாபாரியின் நம்பிக்கை வேண்டும். நாளை இவன் இந்த ஊரில் இருப்பானா என்பதே தெரியாதபோது, இதில் எது கிடைக்கும்? அவன் பத்து ஆண்டு உழைத்தாலும் தொழிலாளியாகவே இருப்பான். கூலியைக் குறைத்தாலும் வாய் திறக்க மாட்டான்.

வளைகுடாவில் வேலை பார்த்தவர் நம்மில் ஒரு தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள். கஃபீல் கையில் பாஸ்போர்ட் இருந்தபோது சம்பள பாக்கியைக் கேட்க முடிந்ததா? விசா முடிந்து 'கல்லிவல்லி'யாக ஒளிந்து வேலை செய்தபோது உழைப்பு குறைந்ததா, கூலி குறைந்ததா? அவர்கள் சொல்லும் பதில்தான் மெக்சிகோ மக்களின் கதையும்.

ஆவணம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏறத்தாழ 27 இலட்சம் பேருக்குச் சட்டத் தகுதி கிடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவினர். அதன்பின் அவர்களின் கூலி உயர்ந்தது என்று ஆய்வுகள் கண்டன. அதே ஆட்கள், அதே கைகள். மாறியது ஆவணம் ஒன்றுதான்!

ஆவணம் மட்டும் போதுமா?

போதாது. வியட்நாமியரிடம் நாம் கற்க வேண்டிய பாடம் இங்கேதான் இருக்கிறது.

1975இல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ அருகே ஒரு முகாமுக்கு டிப்பி ஹெட்ரன் என்ற நடிகை உதவச் சென்றார். அவருடைய நகங்களின் அழகைக் கண்டு பெண்கள் வியந்தார்கள். நகம் திருத்தி வண்ணம் தீட்டும் தொழிலை இருபது பெண்களுக்குக் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். அந்த இருபது பேரில் வேர்விட்ட தொழிலில், இன்று அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ பாதிப் பேர் வியட்நாமிய வம்சாவளியினர். ஒருவர் கற்றார்; உறவினருக்குக் கற்றுக்கொடுத்தார். கடை வந்தது. கடைக்குச் சரக்கு தரும் மொத்த வணிகம் வந்தது. தொழில் கற்றுத்தரும் பள்ளியும் வந்தது. ஒரு தொழிலின் வேர் முதல் நுனி வரை கைக்குள் வந்தது. அங்கும் இரசாயன நெடியில் உடல் கெடுவோர் உண்டு, கூலியில் ஏமாற்றப்படுவோர் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2005இல் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, நகரின் கிழக்குப் பகுதி வியட்நாமியர் தங்கள் தேவாலயத்தை மையமாகக் கொண்டு முதலில் திரும்பியவர்களில் இருந்தார்கள். தங்கள் பகுதிக்கு அருகே புயல் குப்பையைக் கொட்ட நகராட்சி இடம் தந்ததை எதிர்த்துப் போராடி, 2006இல் அதை மூடவும் வைத்தார்கள். வழிபாட்டுத் தலம் தொழுவதற்கு மட்டுமல்ல. சமுதாயத்தின் முதுகெலும்பும் அதுதான் என்பதைப் பள்ளிவாசல் ஜமாஅத் உள்ள நாம் சொல்லியா தெரிந்துகொள்ள வேண்டும்?

மெக்சிகோவினரிடம் ஒற்றுமை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வியட்நாமியரிடம் 'ஹுய்' என்ற சீட்டு இருப்பதுபோல் அவர்களிடம் 'தாந்தா' என்ற சீட்டு உண்டு. ஹுய் பல இடங்களில் ஏலம் எடுக்கும் சீட்டு. தாந்தாவிலோ ஏலமில்லை, தள்ளுபடியில்லை. எல்லோரும் ஒரே தொகை கட்டுவார்கள். முறை வைத்து எல்லோரும் ஒரே தொகை எடுப்பார்கள். வட்டியின் நிழல்கூடப் படாத முறை! 2023இல் மட்டும் வெளிநாட்டில் வாழும் மெக்சிகோவினர் தாய்நாட்டுக்கு அனுப்பிய தொகை 6,000 கோடி டாலருக்கும் மேல். சீட்டும் இருந்தது, சிக்கனமும் இருந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு அங்கேயே கால் ஊன்ற வாசல்தான் திறக்கவில்லை.

எங்கிருந்து அளப்பது?

ஜெனிஃபர் லீ, மின் ஜோ என்ற இரு சமூகவியலாளர்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறியவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்து 2015இல் நூல் வெளியிட்டார்கள். பெற்றோர் நின்ற படியிலிருந்து பிள்ளைகள் எத்தனை படி ஏறினார்கள் என்று அளந்தபோது, மெக்சிகோப் பிள்ளைகளின் ஏற்றமே பெரிதாக இருந்தது. பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் விகிதம் பெற்றோரைப் போல் இரு மடங்கு! பத்தாவது படியில் நிற்பவன் பன்னிரண்டுக்கு ஏறினால் மாலை போடுகிறார்கள். முதல் படியில் நின்றவன் ஆறாவது படிக்கு ஏறினால் பின்தங்கியவன் என்கிறார்கள். இது என்ன நியாயம்?

மதீனா தரும் பாடம்

நாடு துறந்து வந்தவர்களை எப்படி நடத்த வேண்டும், வந்தவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதை நம் வரலாறு 1,400 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. மதீனாவின் சஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள், மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள்.

இந்த நிகழ்ச்சியின் பின்பாதியை மட்டும் நாம் மேடைகளில் பேசுகிறோம். முன்பாதியை மறந்துவிடுகிறோம். அன்சாரித் தோழர் வாசலைத் திறந்தார். முஹாஜிர் தோழர் கடைவீதியில் இறங்கினார். இரண்டும் சேர்ந்துதான் ஒரு சமுதாயம் எழுந்தது.

நமக்கும் இதுவே வழி. 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, முஸ்லிம் பகுதிகள் சிலவற்றை வங்கிகள் ஒதுக்கப்பட்ட பகுதிகளாக வைத்திருந்ததை எடுத்துச் சொன்னது. அதுவும் பூட்டிய வாசல்தான். 2007இல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்குக் கிடைத்த 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு, தட்டித் தட்டித் திறந்த வாசல். உரிமையைக் கேட்டுப் பெறுவதும் கடமை; பெற்ற உரிமையைப் பயன்படுத்துவதும் கடமை.

இளைஞனே! உன்னிடம் அந்தக் கேள்வியை யாராவது கேட்டால் தலைகுனியாதே. "எந்த வாசல் வழியாக அவன் வந்தான், எந்த வாசலில் என்னை நிறுத்தினாய்?" என்று திருப்பிக் கேள். கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடாதே. உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசித் தேதியைத் தெரிந்துகொள்.

வணிகரே! உங்கள் கடையில் வேலை பார்க்கும் பையனுக்குக் கல்லாக் கணக்கையும் கொள்முதலையும் கற்றுக்கொடுங்கள். ஐந்து ஆண்டில் அவனுக்கு ஒரு கடை வைத்துக்கொடுங்கள். இருபது பெண்கள் கற்ற தொழில் ஒரு சமுதாயத்தையே தூக்கி நிறுத்தியது. நம் ஊர் ஜமாஅத்தில் இருபது பிள்ளைகள் இல்லையா?

அல்லாஹ் அருள் புரிவானாக!