ஐயத்தின் பலன் யாருக்கு?

கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை வாயிலில் வேலைநிறுத்த முழக்கமிட்ட இளைஞர்மீது வழக்குப் பதிவாகிறது எனக் கொள்வோம். புகார் கொடுத்தவரே பிறழ்சாட்சியாகிறார், நீதிமன்றம் விடுவிக்கிறது. பின்னாளில் காவலர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது அந்த விடுதலைக்கு என்ன மதிப்பு?

வாளையாற்றுக்குக் கிழக்கே விடை எழுத்திலேயே உள்ளது. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளின் 14ஆம் விதி விளக்கம், ஐயத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவரையும் குற்றவழக்கில் ‘இன்வால்வ்டு’ என்றே கொள்கிறது. செய்தவனும் சேர்க்கப்பட்டவனும் அவ்வொரு சொல்லில் ஒன்றாகிவிடுகிறார்கள். தமிழிலோ ‘ஈடுபட்டான்’ வேறு, ‘சேர்க்கப்பட்டான்’ வேறு. சேர்த்தது காவல் நிலையம். நடத்தைச் சான்று தருவதும் அதே நிலையம்!

வழக்கை மறைப்பது நேர்மைக்கேடு அன்றோ எனலாம். ஆம், ஆனால் அது வேறு குற்றச்சாட்டு. வாளையாற்றின் இருபுறமும் செல்லுபடியாகும் 2016ஆம் ஆண்டு அவதார் சிங் தீர்ப்பு, இளவயதில் முழக்கமிட்டது போன்ற சிறு வழக்கை மறைத்ததைக்கூடப் பொறுக்கலாம் என்கிறது. எனினும், உண்மையை எழுதியவரையும் பணியமர்த்தக் கட்டாயமில்லை என்று அதுவே வழிவிடுகிறது. அவ்வழியில்தான் காரணமற்ற நிராகரிப்புகள் நுழைகின்றன.

நிராகரிக்கும் அதிகாரி, வழக்கு எண்ணை எழுதுவது போதாது. அன்று அவருக்கு என்ன வயது, அவர் செய்ததாக நிறுவப்பட்டது என்ன, அது இப்பணிக்கு எவ்வாறு ஊறு என்பதையும் ஆணையிலேயே எழுதவேண்டும்.