கோடை வெயிலில் உறையும் பனிக்கட்டி

யாழ்ப்பாணத்திலே பனிக்கட்டியைக் காண விரும்புபவர் குளிர்பானக் கடைக்கோ கரையோர மீன்வாடிக்கோ செல்ல வேண்டும். ஆயினும் வைகாசி மாதத்து நண்பகலில், நம் தலைக்கு மேலே பறக்கும் ஒரு சிறு விமானத்தின் எஞ்சினுள், எவர் கண்ணுக்கும் படாமற் பனிக்கட்டி உறையக்கூடும் என்றால் வாசகர்கள் நம்புவார்களா? சென்ற வாரம் வகுப்பில் இதனைச் சொன்னபோது மாணவர் சிரித்தனர். ஒருவன் மட்டும் எழுந்து, "சேர், எஞ்சினுக்குள் எரிவது நெருப்பல்லவா? நெருப்புக்குப் பக்கத்தில் பனிக்கட்டி எப்படி உண்டாகும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்குரிய விடை காபரேற்றர் என்னும் சிறு கருவிக்குள் இருக்கிறது.

காபரேற்றரை எனக்கு அறிமுகஞ் செய்தது பாடப் புத்தகமன்று, பஞ்ச காலம். 1990ஆம் ஆண்டு தொடக்கம் சில ஆண்டுகள் குடாநாட்டிற் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அயலிலே வாகனந் திருத்தும் அண்ணை ஒருவர் இருந்தார். சிறு போத்தலிற் சேமித்த பெற்றோலிற் சில துளிகளை மட்டும் காபரேற்றருக்குட் பீச்சி எஞ்சினை உயிர்ப்பிப்பார். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். "ஏன் அண்ணை, முதலிலேயே மண்ணெண்ணெயை விட்டால் என்ன?" என்று கேட்டேன். "தம்பி, பெற்றோல் தானாய் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு காட்ட வேணும்" என்றார். அன்று அது எனக்கு முழுதும் விளங்கவில்லை. பின்னாளிற் பௌதிகம் படித்தபோது, அவர் ஒரு வசனத்திற் பாதிப் பாடத்தைச் சொல்லி முடித்துவிட்டார் என்று உணர்ந்தேன். தோட்டத்து இறைப்பு மிசினைப் பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் கமக்காரரும் இதே பாடத்தை அறிந்தவர்களே.

காற்றும் எண்ணெயும் கலக்கும் இடம்

எஞ்சினுக்குள் எரிவது திரவப் பெற்றோல் அன்று. பெற்றோல் ஆவியுங் காற்றும் அளவறிந்து கலந்த கலவையே எரிகிறது. நிறையளவில் ஏறக்குறைய 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் வேண்டும். இதனைக் கலந்து கொடுப்பதே காபரேற்றரின் தொழில். காற்று செல்லும் குழாயின் நடுவே ஓரிடம் கழுத்துப்போல ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய இடத்திற் காற்று விரைகிறது. விரையும் காற்றின் அமுக்கம் குறைகிறது. அவ்விடத்தில் வாய்திறந்திருக்கும் ஒரு நுண்டுளை வழியாகப் பெற்றோல் உறிஞ்சப்பட்டுத் தூவானமாய்ச் சிதறுகிறது. கழுத்துக்கு அப்பால், ஓர் அச்சிற் சுழலும் வட்டத் தகடு உண்டு. அதுவே திரொட்டில். விமானி கைப்பிடியைத் தள்ளினால் தகடு திறந்து கலவை மிகுதியாய்ச் செல்லும். இழுத்தால் தகடு மூடிக் கலவை குறையும். எஞ்சினின் மூச்சு முழுவதும் இந்த ஒரு தகட்டின் ஓரத்தைக் கடந்தே செல்ல வேண்டும்.

பெற்றோல் தேங்கி நிற்கும் சிறு கிண்ணத்தில் மிதவை ஒன்று உண்டு. கிண்ணம் நிரம்பினால் மிதவை உயர்ந்து வழியை அடைக்கும்; வற்றினால் தாழ்ந்து திறக்கும். தரையில் ஓடும் வாகனத்துக்கு இது போதுமானது. தலைகீழாயும் சாய்ந்தும் பாயும் விமானத்துக்கோ போதாது. 1940இற் பிரித்தானியரின் ஸ்பிற்பயர், ஹரிக்கேன் விமானங்கள் மூக்கைத் தாழ்த்தித் திடீரெனப் பாய்ந்தபோது, மேர்லின் எஞ்சினின் மிதவைக் கிண்ணம் நிலைகுலைந்தது. எஞ்சின் முதலிற் பெற்றோலின்றித் தவித்தது. அடுத்த கணம் அளவுக்கு மீறிப் பெற்றோல் புகுந்து திணறியது. பகைவரின் விமானங்களோ, காபரேற்றர் இன்றி எரிபொருளை நேரே உட்செலுத்தும் முறையால், இடையூறின்றிப் பாய்ந்து தப்பின. 1941இல் பியற்றிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியியலாளர் இதற்குப் பரிகாரங் கண்டார். எஞ்சினுக்கு வேண்டிய உச்ச அளவுக்கு மேற் பெற்றோல் புகாதபடி, நடுவே துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் துண்டைப் பெற்றோல் வழியிற் பொருத்தினார். முழுத் தீர்வன்று, எனினும் பல விமானிகளின் உயிரைக் காக்கப் போதுமாயிற்று. அந்த மேர்லின் எஞ்சினின் காபரேற்றரைச் செய்தது எஸ்.யூ. என்னும் நிறுவனம். நம் ஊர் வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர் காரின் காபரேற்றரும் அதே எஸ்.யூ.வின் தயாரிப்பே.

கூசாத் தண்ணீரும் பனிக்கட்டியும்

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். மண் கூசாவில் வைத்த தண்ணீர் ஏன் குளிர்கிறது? அதன் புறத்திலே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைக் கூசாவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஊசி போடுமுன் தாதி தடவும் ஸ்பிரிற் சில்லென்று இருப்பதற்கும் இதுவே காரணம். காபரேற்றருக்குட் பெற்றோல் கணந்தோறும் ஆவியாகிறது. அந்த வெப்பத்தை அது காற்றிலிருந்தும் உலோகத்திலிருந்தும் பறித்துக்கொள்கிறது. ஒடுங்கிய கழுத்தில் அமுக்கங் குறைவதும் குளிரைக் கூட்டுகிறது. இவ்விரண்டுஞ் சேர்ந்து காபரேற்றரின் உள்ளே வெப்பநிலை 20 பாகைக்கு மேலும், சில வேளை 30 பாகை வரையும் வீழ்ந்துவிடும். வெளியே 25 பாகை வெயில் இருந்தாலும் உள்ளே நீர் உறையும் நிலை வரக்கூடும். கடலாற் சூழப்பட்ட நம் குடாநாட்டுக் காற்றில் ஈரத்துக்கோ குறைவில்லை. அந்த ஈரம் திரொட்டில் தகட்டின் ஓரத்திலே படிந்து, உறைபனியாய்த் தடித்து, மூச்சுவழியை அடைக்கத் தொடங்குகிறது.

இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. எஞ்சின் முழு வலுவில் ஓடும்போது தகடு அகலத் திறந்திருக்கும். சிறிது பனி படிந்தாற் பெருங் கேடில்லை. தரையிறங்குவதற்காக விமானி வலுவைக் குறைக்கும்போதோ, தகடு ஏறக்குறைய மூடி, இடைவெளி நூலிழையாகிறது. அந்த நேரத்திற் சிறிது பனி போதும். நாம் ஆபத்து நீங்கியது என்று எண்ணும் இறக்கமே மிக ஆபத்தான வேளை. பிறகு வலு வேண்டுமென்று கைப்பிடியைத் தள்ளினால் எஞ்சின் செவிசாய்ப்பதில்லை.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. விமானம் வீழ்ந்த பின்னர் அதிகாரிகள் வந்து எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும்போது குறையேதுங் காணப்படாதிருக்கலாம். பனி உருகி, உலர்ந்து, மறைந்திருக்கும். கொலைசெய்த கத்தி தானே கரைந்துவிட்டாற் சாட்சி ஏது?

மருந்தும் பத்தியமும்

பரிகாரம் எஞ்சினிடமே உண்டு. புகைபோக்கியைச் சுற்றி ஓர் உறையிட்டு, அங்கே சூடேறிய காற்றைக் காபரேற்றருக்குத் திருப்பிவிட ஒரு கைப்பிடி வைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்குச் சூடு காட்ட வேண்டும் என்றார் எங்கள் அண்ணை. ஆவியாகுந் திறத்தாற் குளிரை விளைக்கும் பெற்றோலுக்கும் சில வேளை சூடு காட்டவே வேண்டியிருக்கிறது. அவர் சொல்லாது விட்ட மறுபாதிப் பாடம் இதுவே.

ஆனால் மருந்துக்குப் பத்தியம் உண்டு. கைப்பிடியை அரைகுறையாய் இழுத்தலாகாது; முழுவதும் இழுத்தல் வேண்டும். அரைச் சூட்டில் உருகிய நீர் சற்று அப்பாற் சென்று மீண்டும் உறையலாம். வலுவைக் குறைத்த பின்னரன்றி, குறைக்குமுன்னரே இழுத்தல் வேண்டும். வலுக் குறைந்தாற் புகைபோக்கியின் சூடும் குறைந்துவிடும். புறப்படுமுன் தரையில் நிற்கும்போதே ஒருமுறை இழுத்துப் பார்த்தல் வேண்டும். சூடான காற்று செறிவு குறைந்ததாகையால் எஞ்சினின் சுழற்சி சற்றுக் குறையும். குறையாவிட்டால், கம்பி அறுந்ததோ கதவு இறுகியதோ என்று ஐயுற வேண்டும். பெரும்பாலான சிறு விமானங்களில் இச்சூடான காற்று வடிகட்டியைக் கடந்து வருவதில்லை. ஆகவே செம்பாட்டு மண் புழுதி பறக்குந் தரையில் இதனை நெடுநேரம் இழுத்து வைத்தலுந் தகாது.

எல்லாவற்றிலும் கடினமான பத்தியம் மனவுறுதியே. பனி படிந்த எஞ்சினுக்குச் சூடான காற்றைக் கொடுத்ததும், உருகிய நீர் உட்சென்று எஞ்சின் முன்னிலும் மோசமாய் இருமும், குலுங்கும். "மருந்தே நஞ்சாயிற்று" என்று அஞ்சிப் புதியவர் கைப்பிடியைத் திரும்பத் தள்ளிவிடுவார். அங்கேயே காரியங் கெடும். சிறிது நேரம் பொறுத்தவருக்கு எஞ்சின் தெளிந்து, சுழற்சி மீண்டும் உயரும். காரணத்தை அறிந்தவரே பொறுப்பர், அறியாதவர் பதறுவர்.

கம்பியும் கொண்டியும்

காபரேற்றர் செம்மையாய் இருந்தும், அதனை விமானியின் கையோடு இணைக்குங் கம்பி கெட்டால் என்ன பயன்? இக்காலத்துச் சிறு விமானங்களிற் பரவலாய்க் காணப்படும் றொற்றாக்ஸ் 912 என்னும் ஆஸ்திரிய நாட்டு எஞ்சினில் இரண்டு காபரேற்றர்கள் உண்டு. அவை ஒரே நுகத்திற் பூட்டிய இரட்டை மாடுகள் போன்றவை. ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் எஞ்சின் அதிர்ந்து, பற்சில்லுப் பெட்டி தேயும். ஆதலால் அமுக்கமானிகளை மாட்டி இரண்டையும் ஒத்துப்போகச் செய்கிறார்கள். அந்த எஞ்சினில் திரொட்டிற் கம்பி அறுந்தால், அங்குள்ள வில் தகட்டை மூடாது, முழுதாய்த் திறந்துவிடும். காரிலோ கம்பி அறுந்தால் வில் தகட்டை மூடிவிடும். தெருவில் நிற்பது பாதுகாப்பு. வானத்தில் ஓடிக்கொண்டிருப்பதே பாதுகாப்பு. ஒரே வில், இடம் மாற அறமும் மாறுகிறது.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் சிறு வேலைகளே. கைப்பிடியைத் தள்ளும்போதும் இழுக்கும்போதும் தகடு இரு எல்லைகளையுந் தொடுகிறதா என்று பார்ப்பது. கம்பியிற் பிசிர் உண்டா என்று தடவுவது. கொண்டிகளின் பூட்டு ஊசிகள் இருக்கின்றனவா என்று எண்ணுவது. பறக்குமுன் எரிபொருட் தாங்கியின் அடியிலிருந்து சிறிது பெற்றோலை வடித்து, கீழே நீர் தங்கியுள்ளதா என்று ஒளியிற் பிடித்து நோக்குவது. நுண்டுளை அடைபட்டால் இரும்புக் கம்பியாற் குத்துவது நம் தோட்டங்களிலும் காணும் வழக்கம். குத்தினால் துளை பெருக்கும். பெருத்தால் கலவையின் அளவு பிழைக்கும். சுத்தஞ்செய்யுந் திரவத்தில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே முறை. இறைப்பு மிசினில் அப்பிழை செய்தால் வெங்காயத்துக்கு ஒரு நாள் தண்ணீர் பிந்தும். விமானத்தில் அதற்குத் தவணை கிடையாது.

1947 டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் பயணத்தைச் செய்தது. 1951இல் தொடங்கிய றோயல் இலங்கை விமானப் படை தன் விமானிகளுக்குச் சிப்மங்க் என்னுஞ் சிறு விமானங்களிற் பறக்கப் பயிற்றியது. அவையெல்லாம் காபரேற்றரால் மூச்சுவிட்டவை. 2019 ஒக்டோபர் 17ஆந் திகதி பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து வந்த ஏ.ரி.ஆர். விமானத்திற் காபரேற்றர் இல்லை. அதன் சுழலி எஞ்சின் அருந்துவது மண்ணெண்ணெயின் நெருங்கிய உறவினமே. எங்கள் அண்ணை சூடு காட்டிக் கெஞ்சி எரித்த எண்ணெயின் இனம் இன்று ஆகாயத்தில் ஆட்களை ஏற்றிச் செல்கிறது!

எனினும் காபரேற்றர் கற்பிக்கும் பாடம் பழசாகவில்லை. எஞ்சின் இருமிய பின்பு கைப்பிடியைத் தேடுபவருக்கு அது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இருமுமுன் இழுத்தவருக்குத் தேட வேண்டிய தேவையே இல்லை. வீட்டிலே சைக்கிள் பிறேக்கையும் மின்கம்பியையும் அடுப்பின் எரிவாயுக் குழாயையும் நோக்கும்போது பிள்ளைகள் இதனை நினைவிற் கொள்வார்களானால், என் ஒரு மணிநேரப் பாடம் வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.