சேம்சைட் கோல் போட்டவரும் எங்க ஊர் ராவணனும்

போன வாரம் எங்கள் வகுப்பில் சும்மா ஒரு வேலை பார்த்தேன். கடைசி ரெண்டு பெஞ்ச் கால்பந்துப் பைத்தியங்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வி: "டென்மார்க் கேப்டன், எரிக்சன் மைதானத்தில் விழுந்தபோது ஓடி வந்தாரே, அவர் பேர் என்ன?" பாதிப் பேர் டக்கென்று சொல்லிவிட்டார்கள். சிமோன் கேயர். (எழுத்தைப் பார்த்தால் 'க்ஜேர்' மாதிரி இருக்கும். நமக்குக் கேயர் போதும்.)

அடுத்த கேள்வி: "திருச்சியில் பிறந்து, ஐ-லீக் ஜெயித்த அணியில் ஸ்டாப்பராக ஆடியவர் யார்?"

மயான அமைதி. ஒருத்தன் மட்டும், "திருச்சியிலயா? போடா டேய்" என்றான்.

தர்மராஜ் ராவணன். இந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள், ஏதோ நான் சினிமா வில்லன் பெயரைச் சொன்ன மாதிரி. சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பில் எனக்கு வந்த கடுப்புதான் இந்தக் கட்டுரை.

முதலில் டென்மார்க்காரர் கதை. அதைச் சொன்னால்தான் நம்ம ஊர் கதைக்கு வர முடியும்.

கேயர் பிறந்தது 1989-ல், ஹார்சென்ஸ் என்ற ஊரில். ஊரின் மக்கள்தொகை சுமார் அறுபதாயிரம். டென்மார்க் முழு நாட்டையும் சேர்த்தாலே அறுபது லட்சம் பேர்தான். 2011 கணக்கெடுப்புப்படி திருச்சி, தஞ்சாவூர், கரூர் மூன்று மாவட்டங்களையும் கூட்டிப் பாருங்கள், டென்மார்க்கை விட நாம் கொஞ்சம் அதிகம். அந்த நாடு 1992-ல் ஐரோப்பியக் கோப்பையை வாங்கியது. அதுவும் யூகோஸ்லாவியாவை வெளியேற்றியதால் கடைசி நேரத்தில் கிடைத்த இடத்தில் போய், இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 2-0 என்று அடித்து. இதைப் படித்த அன்று கரூர் வழியாகப் போகும் பஸ்ஸில் இருந்தேன். ஜன்னல் வழியே கரூரைப் புது மரியாதையோடு பார்த்தேன்.

கேயரின் அப்பா மிட்யூலாண்ட் கிளப்பில் ஜெர்சி, பந்து, ஷூ எல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். கிளப்பின் அகாடமியில் ஒரு இடம் மிச்சம் இருந்தது. வேறு ஆள் கிடைக்கவில்லை, நம்ம ஆளோட பையன்தானே என்று சேர்த்துக்கொண்டார்கள். சில மாதம் கழித்து அங்கிருந்த பயிற்சியாளர்களிடம், இந்தப் பையன்களில் பெரிய ஆளாக வரப்போகும் ஐந்து பேரைத் தாளில் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு தாளில்கூட கேயர் பெயர் இல்லை. அங்கே பயிற்சியாளராக இருந்த ராஸ்முஸ் ஆன்கர்சன் இந்தக் கதையைத் தன் புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். நம்மூரில் இப்படி ஒரு தப்பு நடந்திருந்தால், "அப்பவே எனக்குத் தெரியும்" என்று பத்துப் பேர் பேட்டி கொடுத்திருப்பார்கள்.

2008-ல் இத்தாலியின் பலெர்மோவுக்குப் போனார். 2010-ல் ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க். அங்கே சரிப்படவில்லை. ரோமாவுக்கு ஒரு வருடம் இரவலாகப் போனார், அதுவும் சரிப்படவில்லை. லில், ஃபெனர்பாச்சே, செவியா, அட்டலாண்டா என்று ஊர் ஊராக டிரான்ஸ்ஃபர் ஆகும் பேங்க் மேனேஜர் மாதிரி ஒரு வாழ்க்கை. அட்டலாண்டாவில் பெரும்பாலும் பெஞ்ச்தான். 2019 டிசம்பரில் அதே அட்டலாண்டா ஏசி மிலானை 5-0 என்று துவைத்தது. துவைபட்ட மிலான் அடுத்த மாதமே ஓடி வந்து, துவைத்தவர்களின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முப்பது வயது ஆளைக் கூட்டிக்கொண்டு போனது! மிலானின் தடுப்புச் சுவர் அங்கிருந்துதான் நிமிர்ந்தது என்பது என் கருத்து. 2022-ல் பதினொரு வருடம் கழித்து மிலான் இத்தாலி லீக்கை ஜெயித்தது. அந்த நேரம் கேயர் முழங்கால் காயத்தோடு ஓரத்தில் இருந்தார். 2021 டிசம்பரில் பட்ட அடி. ஸ்டாப்பர் வாழ்க்கை இதுதான்.

2021 ஜூன் 12. இங்கே லாக்டவுன். ராத்திரி ஒன்பதரை மணி ஆட்டம், வீட்டில் எல்லோரும் டிவி முன்னால். டென்மார்க் - பின்லாந்து. முதல் பாதி முடியப் போகும் நேரம், எரிக்சன் ஒரு த்ரோவை வாங்க வந்தவர் அப்படியே முகம் குப்புற விழுந்தார். இதயத்துடிப்பு நின்றுவிட்டது. முதலில் ஓடி வந்தவர்களில் கேயரும் ஒருவர். பிறகு அணியினரை வட்டமாக நிற்க வைத்தார், முதுகு உள்ளே, முகம் வெளியே, கேமராவுக்கு எதுவும் தெரியாமல். எரிக்சனின் துணைவி மைதானத்துக்குள் அழுதுகொண்டே வர, போய்த் தாங்கிக்கொண்டார். எங்கள் அம்மாவுக்குக் கால்பந்தில் கோல் கம்பம் எது, கொடிக் கம்பம் எது என்று தெரியாது. "அந்தப் பையன் யாருடா?" என்று அவரைத்தான் கேட்டார்.

எரிக்சன் பிழைத்தார். ஆட்டம் அன்றிரவே தொடர்ந்தது. கேயரால் முடியவில்லை, இரண்டாம் பாதியில் வெளியே வந்துவிட்டார். அந்த ஆகஸ்ட்டில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் அவருக்கும் மருத்துவக் குழுவுக்கும் தலைவர் விருது கொடுத்தது.

எல்லோரும் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது 25 நாள் கழித்து நடந்தது.

ஜூலை 7, வெம்ப்ளி, இங்கிலாந்தோடு அரை இறுதி. நமக்கு நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை. டாம்ஸ்கார்டின் ஃப்ரீ கிக்கில் டென்மார்க் 1-0. 39-வது நிமிடம் சாகா வலது பக்கத்திலிருந்து பந்தைக் குறுக்கே அடிக்கிறார். பின்னால் ஸ்டெர்லிங் காலை நீட்டிக் காத்திருக்கிறார். கேயர் விழுந்து தடுக்கப் போக, பந்து அவர் மேல் பட்டு உள்ளே. சேம்சைட் கோல்! கடைசியில் கூடுதல் நேரத்தில் கேனின் பெனால்டியைக் கோலி தடுத்தும், திரும்பி வந்த பந்தில் 2-1. டென்மார்க் அவுட்.

அந்த சேம்சைட் கோலை யூட்யூபில் மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவர் விழாமல் நின்றிருந்தால் அது ஸ்டெர்லிங் கோல். யாரும் கேயரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். விழுந்ததால்தான் ஸ்கோர்போர்டில் அவர் பெயர் வந்தது. 132 ஆட்டம் நாட்டுக்காக ஆடிவிட்டு 2025 ஜனவரியில் ஓய்வு பெற்ற மனிதர் நாட்டுக்காகப் போட்டது ஐந்தே கோல். தடுத்த பந்து எத்தனை என்று எந்த ஸ்கோர்போர்டு காட்டியது?

சரி, இப்போ நம்ம ஸ்டாப்பர்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்துக்காரனான எனக்கு இந்தப் பெயர் மேல் தனிப் பாசம். அயோத்தியிலிருந்து விபீஷணன் கொண்டுபோன பெருமாள் காவிரிக் கரையில் இறங்கி இங்கேயே தங்கிவிட்டார் என்பது எங்கள் ஊர்த் தலபுராணம். தெற்கே இலங்கையைப் பார்த்தபடி படுத்திருப்பதும் விபீஷணனுக்காகத்தான் என்பார்கள். தம்பிக்கு ஊரே மரியாதை கொடுக்கிறது. கடைசி வரை கோட்டையை விட்டு நகராமல் நின்றவன் என்னவோ அண்ணன்தான். ஸ்டாப்பருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வைக்க முடியுமா?

தர்மராஜ் ராவணன் சென்டர் பேக். கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸில் ஆடினார். 2012-13 ஐ-லீக் கோப்பையை அந்த அணி ஜெயித்தது. சுனில் சேத்ரி அந்த வருடம் அங்கே ஆடினார், அதனால் சேத்ரி ரசிகர்களுக்கு அந்தக் கோப்பை ஞாபகம் இருக்கும். பக்கத்தில் தடுப்பில் லெபனான்காரர் பிலால் நஜ்ஜாரின். 2014 ஜனவரியில் மஞ்சேரியில் ஸ்போர்ட்டிங் கோவாவை 3-1 என்று ஜெயித்து ஃபெடரேஷன் கோப்பையும் சர்ச்சிலுக்கு வந்தது.

அந்தக் கோப்பையின் ஈரம் காய்வதற்குள், கிளப் உரிமத்துக்கான விதிகளைப் பூர்த்தி செய்யவில்லை என்று அதே 2014-ல் சர்ச்சிலை ஐ-லீக்கிலிருந்து வெளியே நிறுத்தினார்கள். கோப்பை வாங்கிய அணிக்கே அடுத்த சீசனில் இடம் இல்லை. கேயரும் கிளப் கிளப்பாக அலைந்தார். ஆனால் அவர் விட்டுப் போன கிளப்புகளில் பெரும்பாலானவை அங்கேயேதான் இருந்தன. இந்தியாவில் ஆட்டக்காரன் ஃபார்மில் இருப்பான், கிளப் இருக்காது. மஹிந்திரா யுனைடெட் 2006-ல் தேசிய லீக் ஜெயித்தது, 2010-ல் அணியையே கலைத்துவிட்டார்கள். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல், "நம்மாளுங்க ஏன் ஐரோப்பா மாதிரி ஆடலை" என்று கேட்பது எனக்குச் சகிக்கவில்லை.

ராவணன் அந்த அக்டோபரில் தொடங்கிய ஐஎஸ்எல்லில் புனே சிட்டிக்குப் போனார். பிரான்ஸின் உலகக் கோப்பை வீரர் ட்ரெசெகே இருந்த அணி. அங்கிருந்து சென்னை சிட்டி. அந்தக் கிளப் 2016-17-ல்தான் ஐ-லீக்குக்குள் வந்தது. தமிழ்நாட்டு அணி ஒன்று தேசிய லீக்கில் தட்டுத்தடுமாறி நின்ற அந்த ஆரம்ப நாட்களில் தடுப்பில் நின்றவர்களில் எங்கள் ஊர்க்காரரும் ஒருவர்.

ரெண்டு வருடம் கழித்து, 2018-19-ல், அதே சென்னை சிட்டி சாம்பியன்! கோவையில் கடைசி ஆட்டம், மினர்வா பஞ்சாபை 3-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்கால் பின்னால். அந்த மூன்றில் ரெண்டு கோல் போட்டவர் கௌரவ் போரா. அவரும் ஸ்டாப்பர்தான்! மறுநாள் பேப்பரில் அவர் படம். சந்தோஷம். ஆனால் அந்த சீசன் முழுக்க அவர் தடுத்துக்கொண்டிருந்தபோது எந்தப் பேப்பரில் படம் வந்தது?

எங்கள் சித்தப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் என்னை ரயில்வே மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஆட்டம் காட்டுவார். "பந்தைப் பாக்காதடா, பின்னாடி நிக்கிறவனைப் பாரு. பந்து எங்க வரும்னு அவனுக்குத் தெரியும்" என்பார். அதனாலேயே நான் ஸ்டாப்பர் ஆனேன். போன வருடம் ஒரு கல்லூரிப் போட்டியில் கார்னரைத் தலையால் வெளியே தள்ளப் போய் எங்கள் வலைக்குள்ளேயே தள்ளினேன். அடுத்த ஆட்டத்துக்குப் பட்டியலில் என் பெயர் இல்லை. அதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களில் நாங்கள் ஒரு கோல்கூட வாங்கவில்லை என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. எழுதி வைத்தால்தானே ஞாபகம் இருக்கும்!

புலம்பல் போதும், கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். திருச்சியில் கோடையில் எத்தனையோ ஏழுபேர் டோர்னமென்ட் நடக்கிறது. எல்லாவற்றிலும் சிறந்த கோல் வீரருக்குக் கோப்பை, சிறந்த கோலிக்குக் கோப்பை. நடுவில் ஒரு ஸ்டாப்பர் நிற்கிறான், அவனுக்கு ஒரு டம்ளராவது கொடுங்கள். அதைவிட முக்கியம், ஆடிய அத்தனை பேர் பெயரையும் யாராவது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கோல் போட்டவன் பெயர் தானாகவே நிற்கும். மற்றவன் பெயருக்கு நோட்டு வேண்டும்.

எங்கள் தெருப் பையன்கள் இந்த மே மாதம் கொள்ளிடம் மணலில் ஒரு டோர்னமென்ட் போடுகிறார்கள். ஸ்டாப்பர் கோப்பைக்கு முந்நூறு ரூபாய் நான் தருவதாகச் சொல்லிவிட்டேன். "கோப்பைல யார் பேரு போடுறது?" என்று கேட்டார்கள். ராவணன் என்றேன். ஸ்ரீரங்கத்தில் ராவணன் பெயரில் கோப்பையா என்று ஒரு மாமா இப்போதே தலையில் அடித்துக்கொள்கிறார்.