கடன் மட்டுந்தானா?

சொல்லாக்கம் பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள் சிலர் ஒரே வாதத்தை நீட்டுகிறார்கள்: ஆங்கிலம் கடன் வாங்கியே வளர்ந்தது, தமிழும் அப்படியே வாங்கிக்கொள்ளட்டும் என்று. பாதி உண்மை. மறுபாதியை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

வாங்கியதை ஆங்கிலம் வாங்கியபடியே வைத்திருப்பதில்லை, அறுக்கும், ஒட்டும். ஹாம்பர்கர் என்னும் பெயர் ஹாம்பர்க் நகரால் வந்தது. அதைப் பிழையான இடத்தில் வெட்டிப் 'பர்கர்' என்றொரு துண்டை எடுத்தார்கள்; சீஸ்பர்கர் பிறந்தது. (பன்றி இறைச்சியான 'ஹாம்' அப்பெயரில் என்றுமே இருந்ததில்லை!) 'ஆல்கஹாலிக்'கின் வாலை நறுக்கி 'ஒர்க்கஹாலிக்' செய்தார்கள். 'எடிட்டர்' முன்னரே இருந்தார். 'எடிட்' என்ற வினையோ அவருக்குப் பின் பிறந்தது. 1834இல் வில்லியம் ஹியூவெல் 'சயின்டிஸ்ட்' என்ற புதுச்சொல்லை அச்சேற்றினார். அறுபதாண்டுகள் கழித்தும் ஹக்ஸ்லி போன்ற அறிவியலாளருக்கே அது பிடிக்கவில்லை. சொல் என்னவோ நிலைத்துவிட்டது.

இத்தனை பட்டறை வேலையையும் மறைத்துவிட்டுக் கடன் கணக்கை மட்டும் காட்டுவது என்ன நியாயம்? புதுச்சொல்லைக் கண்டதும் நகைக்கும் நண்பர்களே, 'இணையம்' என்று நாள்தோறும் கூச்சமின்றித் தட்டச்சு செய்கிறீர்களே, அது எந்த மொழியிடம் வாங்கிய கடன்?