சரித்திரத் துயரும் இசை நாடகமும்

எமது கல்லூரியின் விழாவுக்குப் பூதத்தம்பி கதையை இசை நாடகமாக மேடையேற்ற மாணவர் விரும்பினர். அதுபற்றி ஆசிரியர் அறையில் ஒரு வாதம் மூண்டது. மெய்யாகவே கொலையுண்டவன் ஒருவனது கதையை ஆர்மோனியத்துடன் பாடுவது இறந்தோரை இகழ்வதாகும் என்றார் ஒருவர். பாட்டில்லாத துயரம் எம்மவர்க்கு என்று இருந்தது என்றார் மற்றொருவர். யாம் அன்று வாளாவிருந்தோம்; வாளாவிருந்ததற்குக் காரணமும் உண்டு.

பாட்டின்மீது குற்றஞ் சுமத்துதல் பொருந்தாது. செத்த வீட்டில் ஒப்பாரி சொல்லி அழுத மக்கள் நாம். நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் மயான காண்டத்தை விடியவிடியக் கண்ணீர் மல்கக் கேட்டவர்கள் பழைய மாணவருள்ளும் பலர் இருப்பர். ஆயின் ஒன்று நினைக்கற்பாலது. அங்கே லோகிதாசன் ஈற்றில் உயிர் பெற்று எழுகிறான். அதனால் மங்களம் பாடி மனநிறைவோடு வீடு திரும்புகிறோம். சரித்திரத்தில் மாண்டவன் எழுவதில்லை. அவனுக்கும் அதே மங்களத்தைப் பாடுவதிலேதான் எமக்கு ஐயம்.

எமது தவறு ஒன்றையும் ஈண்டு மறையாது கூறுதல் வேண்டும். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலை இந்நாட்டில் 30,000க்கு மேற்பட்டோரைக் காவு கொண்டது. சில ஆண்டுகளின் பின், கரையோரப் பாடசாலை ஒன்றிற் கற்பித்த காலத்தில், அதனை யாம் இசை நாடகமாக எழுதினோம். அலை எழுந்து வரும் கட்டத்துக்கு விறுவிறுப்பான மெட்டொன்றை அமைத்தோம், மிருதங்கம் முழங்கிற்று, சபையோர் கைதட்டினர். முன் வரிசையிலிருந்த ஒருவர் மட்டும் எழுந்து வெளியே போனார். மறுநாள் அவரைச் சந்தித்தபோது, “என்ரை பிள்ளையைக் கொண்டுபோன அலைக்குத் தாளம் போட்டியளே, மாஸ்ரர்” என்றார். யாம் மறுமொழி கூறவில்லை. அந்தப் பிரதியை இன்றுவரை மீண்டும் எடுத்ததுமில்லை.

‘ரைற்றானிக்’ கப்பல் 1912ஆம் ஆண்டு சித்திரை 15ஆந் திகதி மூழ்கி, ஏறக்குறைய 1,500 பேர் இறந்தனர். அதனை 1997இல் நியூயோர்க்கில் இசை நாடகமாக்கியபோது, அக்கப்பலில் தப்பியவர் சிலர் இன்னும் உயிரோடிருந்தனர். ஆயினும் அந்நாடகத்தில் ஒரு நற்செயலைக் காண்கிறோம். கணவரைப் பிரிந்து உயிர்காப்புத் தோணியில் ஏற மறுத்த ஐடா ஸ்ட்ரோஸ் என்னும் மூதாட்டிக்கும் அவர் கணவருக்கும் அமைதியானதொரு பாட்டு அதில் உண்டு. யாம் பாட்டை அலைக்குக் கொடுத்தோம். அவர்கள் மனிதருக்குக் கொடுத்தனர். வேறுபாடு அவ்வளவே, ஆனால் அது சிறிதன்று.

பூதத்தம்பி கதையிலோ வேறோர் இடர் உளது. யாழ்ப்பாண வைபவமாலையின்படி அவன் அந்திராசியின் சூழ்ச்சிக்குப் பலியான குற்றமற்றவன். அந்நூலோ சம்பவத்துக்கு நெடுங்காலத்தின் பின், 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அக்காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்த ஒல்லாந்தப் பாதிரியார் பால்டேயஸ், 1672இல் வெளிவந்த தமது நூலில், ஆட்சியைக் கவிழ்க்கச் சதி நடந்ததென்றும் சதிகாரர் கொடிய தண்டனை பெற்றனரென்றும் எழுதினார். அவர் ஆண்டோர் பக்கத்தவர் என்பதும் மறக்கற்பாலதன்று. ஏட்டில் இரண்டையும் அருகருகே வைத்து ஆராயலாம். மேடையில் அந்திராசி கரிய மீசையோடு தோன்றி ஒரு விருத்தம் பாடிவிட்டால் வழக்குத் தீர்ந்துபோம். பின்னர் எந்தச் சரித்திர ஆசிரியர் வந்தும் அதனை அழிக்க முடியாது. வசனத்தில் ‘என்ப’ என்று ஐயத்தைத் தெரிவிக்கலாம். பாட்டில் ஐயத்துக்கு இடமேது?

இதனால் நாடகமே வேண்டாமென்று கூறினோமல்லேம். பாடநூலில் நான்கு வரியாய்க் கிடக்கும் ஒருவனை மாணவர் நினைந்து உருகுவதற்கு இசை நாடகத்திலும் சிறந்த வழி எமக்குத் தெரியவில்லை. ஆகவே சம்மதித்தோம். அழகவல்லியின் புலம்பல் பாட்டாக வரட்டும். சூழ்ச்சியும் விசாரணையும் வசனத்தில் நடக்கட்டும். சிரச்சேதம் மேடையில் வேண்டா. ஒல்லாந்தர் எழுதியதைக் கட்டியகாரன் சபைக்கு எடுத்துரைக்கட்டும். ஈற்றில் மங்களம் பாடாமலே திரை விழட்டும்.

மாணவர் யாவற்றுக்கும் இசைந்தனர். மங்களமில்லாமல் எழுந்து போவது எப்படியென்று ஆர்மோனியக்காரர்தாம் இன்னும் எம்மோடு வாதாடிக்கொண்டிருக்கிறார்.